இலைப் பச்சையும் இரத்தச் செம்மையும்: ஒளியால் உடல்நிலை அறியும் சிறு கருவிகள்

பயிரின் நிறத்தைக் கொண்டு அதன் நிலையை அறிதல் கமக்காரருக்குப் புதிய கலையன்று. வரம்பில் நின்று வயலை ஒரு முறை நோக்கிய மாத்திரத்திலேயே, இது பசித்த பயிர், இது மிகுதியாக உண்டு கொழுத்த பயிர் எனக் கூறவல்ல அனுபவசாலிகள் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்புப் பகுதிகளின் ஒவ்வொரு வட்டையிலும் உளர். அவர்களுடைய கண் ஒரு கருவியே. ஆயினும் காலை வெயிலிலும் மாலை மங்கலிலும் ஒரே இலை இரு நிறமாகத் தோன்றுவதும், இருவர் பார்த்தால் இரு முடிவு பிறப்பதும் உண்டு. ஆகவே நிறத்தை எண்ணாக மாற்றித் தரும் கருவிகளை அறிஞர் ஆக்கினர்.

அவ்வகைக் கருவிகளுள் ஒன்று இன்று பல வீடுகளில் இருக்கின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொவிட் நோய் பரவிய காலத்தில், விரல் நுனியில் கவ்வி நிற்கும் சிறு பெட்டி ஒன்றைப் பலர் விலைக்கு வாங்கினர். அதே தத்துவத்தில் இயங்கும் கைக்கடிகாரங்களை வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகள் தந்தையர்க்குக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். இக்கருவிகள் எவற்றைச் சொல்லும், எவற்றைச் சொல்லமாட்டா என்பதை அறியாது அவற்றை நம்புதல், வயலில் மருந்து தெளிப்போர்க்கும் கைக்குழந்தை உள்ள வீட்டார்க்கும் உயிராபத்தாக முடியலாம். அதனாலேயே இவ்விடயம் விவசாயத் துண்டுப்பிரசுரம் ஒன்றில் இடம்பெறுகின்றது.

ஒளி எவ்வாறு இரத்தத்தை அளக்கின்றது?

வட்டைக் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர், “ஊசி குத்தாமல் இரத்தத்தைப் பார்ப்பது எங்ஙனம், தம்பி?” என்று வினவினார். அதற்கு விடை அவர் கையிலிருந்த டோர்ச் விளக்கிலேயே இருந்தது. இருட்டில் டோர்ச்சின் வாயை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச்செவேலெனத் தோன்றும். வெள்ளொளியில் அடங்கிய பச்சை, நீலம் முதலிய நிறங்களை இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மாத்திரம் ஊடுருவி வெளிவருகின்றது.

இரத்தத்திற் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்னும் பொருள். நுரையீரலில் ஒட்சிசனை ஏற்று உடலெங்கும் சுமந்து செல்வது இதுவே. ஒட்சிசனை ஏற்ற ஈமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஒட்சிசனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. விரற் கருவியின் ஒரு தாடையில் இரு நுண்ணிய விளக்குகள் உள. ஒன்று செவ்வொளி விடும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 660 நனோமீற்றர். மற்றையது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ் ஒளியை விடும். அலைநீளம் ஏறத்தாழ 940 நனோமீற்றர். ஒட்சிசன் குறைந்த இரத்தம் முதலாவது ஒளியை மிகுதியாக விழுங்கும். ஒட்சிசன் நிறைந்த இரத்தம் இரண்டாவதை மிகுதியாக விழுங்கும். எதிர்த் தாடையிலுள்ள உணரி இரண்டிலும் எவ்வளவு எஞ்சி வருகின்றதெனக் கண்டு, நூற்றுக்கு இத்தனை பங்கு ஈமோகுளோபின் ஒட்சிசன் சுமக்கின்றது எனக் கணக்கிட்டுக் கூறும். உடல்நலம் உள்ளோரிடம் 95 முதல் 100 வரை காட்டும்.

ஆனால் விரலில் இரத்தம் மட்டுமா இருக்கின்றது? தோல், தசை, என்பு யாவும் ஒளியைத் தடுக்கின்றனவே. இம்முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பான் நாட்டுப் பொறியியலாளர் தக்குவோ ஆவோயாகி என்பவர். தோக்கியோ நகரில் நிகொன் கோடன் கம்பனியிற் பணியாற்றிய அவர், இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை அறிய வேண்டி, சாயமொன்றை இரத்தத்திற் செலுத்திக் காதின் வழியே ஒளி பாய்ச்சிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் கோடு மேலும் கீழும் ஆடி அவருக்குத் தொல்லை கொடுத்தது. அத்தொல்லையை நீக்க முயன்றபோதே, ஒட்சிசன் குறையுமிடத்து அந்த ஆட்டமும் மாறுவதை அவர் கண்டார். துடிப்போடு மாறுவது நாடியின் இரத்தம். மாறாது நிற்பன தோலும் என்பும். ஆகவே மாறும் பகுதியை மாத்திரம் கணக்கில் எடுத்தாற் போதும். 1974ஆம் ஆண்டில் இத்தத்துவத்தை அவர் வெளியிட்டார். களையென்று பிடுங்கப்போனது பயிராக நின்ற கதை இது. 2020ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம், அவர் கண்ட கருவி உலகெங்கும் தேடப்பட்ட அந்நாட்களில், அவர் காலமானார்.

அதே இரு ஒளிகள் இலையில்

ஜப்பானில் மினோல்ற்றா கம்பனியார் செய்த பச்சைய அளவி என்னும் கருவியும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. நெல்லிலையை அதன் தாடைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், 650 நனோமீற்றர் செவ்வொளியும் 940 நனோமீற்றர் செந்நிறக் கீழ் ஒளியும் இலையினூடே செல்லும். பச்சையம் செவ்வொளியை விழுங்கும். மற்றையதைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் பச்சையத்தின் அளவு தெரியும். பச்சையத்தின் அளவு, பயிர் பெற்ற நைதரசனின் அளவைக் காட்டும். விரலுக்கும் இலைக்கும் கருவி ஏறத்தாழ ஒன்றே என்பது எமக்கு வியப்பளிக்கும் செய்தியாகும்.

இக்கருவி விலையுயர்ந்தது, சாதாரண கமக்காரர் வாங்கத் தக்கதன்று. ஆதலின் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய முறையொன்றைத் தழுவி, இலை நிற அட்டை என்னும் எளிய பிளாத்திக்குப் பட்டையைப் பரப்பினர். மஞ்சட் பச்சை தொடங்கிக் கரும்பச்சை ஈறாகச் சில பட்டைகள் அதில் வரிசையாக இருக்கும். வயலிற் பரந்து நிற்கும் பயிர்களிற் பத்தைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் முற்றாக விரிந்த மேலிலையை அட்டையின்மீது வைத்து நிறத்தை ஒப்பிடுக. இலையைக் கிள்ளலாகாது. அட்டையின்மேல் நேர்வெயில் படாதவாறு உங்கள் உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆளே, காலையில் ஏறத்தாழ அதே நேரத்திற் பார்த்தல் நன்று. பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேற்பட்டவையோ குறித்த நிறத்திலும் வெளிறியிருந்தால் யூரியா இடும் காலம் வந்துவிட்டது என்பது பொருள். இல்லையேல் ஒரு வாரம் முதல் பத்து நாட் பொறுத்து மீண்டும் பார்க்கலாம். அக்குறித்த நிறம் நெல் வகைக்கும், விதைப்பு வயலோ நாற்று வயலோ என்பதற்கும் ஏற்ப வேறுபடும். அதனை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, அட்டையின் பின்புறத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்ட காலத்தை இப்பகுதியார் எவரும் மறந்திரார். பசளையின்றி வெளிறிய பெரும்போகப் பயிரையும், பின்னர் யூரியாவின் விலை ஏறிய விதத்தையும் கண்டவர்கள், கையிற் கிடைத்ததை எல்லாம் ஒரேயடியாக வயலிற் கொட்டும் பழக்கத்திற்குத் திரும்பியதும் உண்டு. இது இரட்டை நட்டம். மிகைப் பசளையால் எரிபந்தமும் அறக்கொட்டியானும் பெருகும்; பயிர் சாயும். பயிர் உண்ணாது விட்ட நைதரசன் எங்கே செல்கின்றது என்பது அதனிலும் பெரிய வினா.

கிணற்று நீரும் கைக்குழந்தையும்

எமது கரையோரத்தின் அமைப்பை நோக்குங்கள். கிழக்கே கடல், அதையடுத்து வீடுகளும் தோட்டங்களும் அமைந்த மணற்றரை, மேற்கே வயல்கள். மணற்றரையில் மிளகாய், கத்தரி, பயிற்றை, வெண்டி, கீரை வகைகள் செய்வோர் அடிக்கடி பசளை இட்டு அடிக்கடி நீர் இறைக்கின்றனர். மணல் நீரைத் தாங்காது. யூரியா மண்ணில் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறி, பாய்ச்சிய நீருடன் கீழிறங்கி, அதே தோட்டத்துக் கிணற்றிற் போய்ச் சேருகின்றது. கற்பிட்டி மணற் பகுதியிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை, ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையிலும் வேறுபாடு தெரியாது.

வளர்ந்தோர்க்கு இதனால் உடனடித் தீங்கு பொதுவாக நேர்வதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தற் பால் அருந்தும் குழந்தைக்கோ நிலைமை வேறு. வயிற்றில் நைத்திரேற்று, நைத்திரைற்றாக மாறி இரத்தத்தில் ஏறி, ஈமோகுளோபினை மெதீமோகுளோபின் என்னும் பழுதுற்ற வடிவமாக்கிவிடும். இது ஒட்சிசனைச் சுமவாது. வளர்ந்தோரின் உடல் இப்பழுதை விரைவில் திருத்திக்கொள்ளும். பச்சிளங் குழந்தையிடம் அவ்வாற்றல் குறைவு. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரத்தம் கபில நிறமாகும். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கமங்களில், கிணற்று நீரிற் கரைத்த பாலருந்திய குழந்தைகளிடம் இதனைக் கண்டு 1945ஆம் ஆண்டில் மருத்துவர் ஹன்ரர் கொம்லி வெளியிட்டார்.

இவ்விடத்து ஒன்றை வற்புறுத்திக் கூறல் வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். தாய்மார் சிலர் குழந்தைக்கென மேலும் ஒரு முறை காய்ச்சுவது நன்மை எனக் கருதிச் செய்யும் தீமையாகிவிடுகின்றது. தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இவ்வச்சம் இல்லை. போத்தற் பால் கொடுக்க நேர்ந்தால், தோட்டக் கிணற்று நீரை விலக்கிக் குழாய் நீரை உபயோகித்து, கிணற்று நீரின் ஒரு போத்தலைச் சோதனைக்கு அனுப்பும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இப்போது விரற் கருவிக்கு வருவோம். மெதீமோகுளோபின் அக்கருவியின் இரு ஒளிகளையும் ஏறத்தாழச் சமமாக விழுங்குகின்றது. கருவியின் கணக்கு அதற்கென ஆக்கப்பட்டதன்று. ஆகவே பழுது மிகுந்த இரத்தத்தில், உண்மை நிலை எவ்வளவு தாழ்ந்தாலும், அது ஏறத்தாழ 85 என்ற எண்ணிலேயே தங்கிவிடும். நீலம் பாரித்த குழந்தையின் விரலில் ஒரு மணி நேரமாக 85 என மாறாது நிற்பதைக் கண்டு, “இன்னும் இறங்கவில்லையே” என்று ஆறுதல் கொள்ளுதல் பெரும் பிழை.

களைகொல்லியும் அதே நோயும்

மூத்த கமக்காரர் 3,4-டி.பி.ஏ. என்னும் களைகொல்லியை அறிவர். அதன் இரசாயனப் பெயர் புரொப்பனில். நெல்லோடு நெல்லாக எழும் நெற்சப்பி முதலிய புற்களைக் கொன்று நெல்லை விட்டுவைப்பது இதன் சிறப்பு. காரணம், நெல்லிலையிலுள்ள நொதியம் ஒன்று அம்மருந்தை உடைத்துவிடும்; நெற்சப்பியில் அந்நொதியம் போதியளவு இல்லை. சிலவகைப் பூச்சிகொல்லிகள் அந்நொதியத்தை முடக்கும் ஆதலால், அவற்றைப் புரொப்பனிலுக்கு முன்பின் தெளித்தால் நெல்லும் கருகும் என்பதைப் பழைய துண்டுப்பிரசுரங்கள் எச்சரித்தன.

மனிதன் அதனை உட்கொண்டால் ஈரலும் நெல்லிலையைப் போன்றே அதனை உடைக்கின்றது. ஆனால் உடைந்து வந்த துண்டு நெல்லில் அடங்கியிருப்பதுபோல் எம்முடலில் அடங்கியிருப்பதில்லை. அது மேலும் மாறி ஈமோகுளோபினைப் பழுதாக்கும். இலங்கை வைத்தியசாலைகளில் இந்நஞ்சு உட்கொண்டு சேர்க்கப்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்தமை ஆய்வுகளில் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டில் அரசாங்கம் இம்மருந்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. பழைய போத்தல்கள் வாடியிலோ சேமிப்பறையிலோ எஞ்சியிருப்பின் அவற்றை வயலுக்கும் வாய்க்காலுக்கும் விடாது, கமநல சேவை நிலையத்தில் அறிவித்து அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள்.

மெதீமோகுளோபினை நன்கு அளக்கவல்ல கருவிகள், ஒளியின் பல அலைநீளங்களைப் பயன்படுத்துவன. அவை கிராமத்து வைத்தியசாலைகளில் அரிது. இக்குறையை நீக்க எமது நாட்டிலேயே ஒரு வழி காணப்பட்டது. பேராதனையை மையமாகக் கொண்ட தென்னாசிய மருத்துவ நச்சியல் ஆய்வாளர் குழுவில் பாத்திமா ஷிஹானாவும் அவருடன் பணியாற்றியோரும் 2010ஆம் ஆண்டில் எளிய சோதனையொன்றை வெளியிட்டனர். நோயாளியின் இரத்தத்தில் ஒரு துளியை வெண்ணிற உறிஞ்சு தாளில் இட்டு, அதன் நிறத்தை அச்சிட்ட நிற அட்டையுடன் ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு பழுதாகியது என்பதை அறிதலே அது. பழுதற்ற இரத்தம் காற்றுப் பட்டதும் சிவக்கும். பழுதான இரத்தம் கபிலமாகவே நிற்கும். அட்டையின் ஒரு முனையில் செம்மை, மறுமுனையில் கபிலம். நெல்லுக்கு இலை நிற அட்டை எப்படியோ, நஞ்சுண்டவர்க்கு இந்த அட்டை அப்படி. மின்சாரமும் விலையுயர்ந்த யந்திரமும் வேண்டியதில்லை. அளவு தெரிந்தால், மெதிலீன் நீலம் என்னும் மருந்தை நாளத்தில் ஏற்ற வேண்டுமா, எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கலாம்.

மருந்து தெளித்தவர் மயங்கினால்

பூச்சிமருந்தின் நஞ்சு ஏறியவரிடம் வியர்வை பெருகுதல், வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், வாந்தி, தசைத் துடிப்பு ஆகியன முதலிற் காணப்படலாம். இந்நிலையில் விரற் கருவி 97 அல்லது 98 என்று காட்டவும் கூடும். நஞ்சை அது அளப்பதில்லை. மூச்சுத் தடைப்பட்ட பின்னரே எண் இறங்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து பயனில்லை. ஆகவே எண்ணைப் பாராது ஆளைப் பாருங்கள். நனைந்த உடையைக் களைந்து, சவர்க்காரமும் நிறைய நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்துப் போத்தலை அதன் பெயர்ச்சீட்டுடன் எடுத்துக்கொண்டு கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றுக்கு விரையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். மருந்தை விழுங்கியவரை வாந்தியெடுக்க வைத்தல் கூடாது.

நீரிறைக்கும் யந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவோரும் கவனிக்க வேண்டும். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயு ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை மேலும் செந்நிறமாக்கும். கருவியோ அச்செம்மையை ஒட்சிசன் என்றே கணித்து, உயிர் போகும் நிலையிலும் நல்ல எண்ணைக் காட்டும். மயங்கியவரை மீட்க மற்றொருவர் அப்படியே உள்ளே இறங்கி இருவரும் மாண்ட நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. யந்திரம் மேலேயே இருக்க வேண்டும். இறங்குதல் தவிர்க்க முடியாதாயின் அதனை நிறுத்திய பின்னரும் நெடுநேரம் காற்றோட விட வேண்டும்.

கருந்தோலும் கருவியும்

இக்கருவிகள் பெரும்பாலும் வெளிர்த் தோலினரிடம் சோதித்து ஒழுங்குபடுத்தப்பட்டவை. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்னும் பொருளும் ஒளியை விழுங்குகின்றது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88 இலும் தாழ்ந்திருந்த அளவீடுகள் வெள்ளையரிடம் நூற்றுக்கு ஏறத்தாழ 4 ஆகவும், கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ 12 ஆகவும் காணப்பட்டன. அதாவது கருந்தோலினரிடம் கருவி உள்ளதிலும் நன்றாகவே காட்ட முனைகின்றது. நாள்தோறும் வெயிலிற் கறுத்த கமக்காரர் இதனை நினைவிற் கொண்டு, எண் 94 ஆக இறங்கினாலே வைத்தியரை நாட வேண்டும். மூச்சுத் திணறல் இருப்பின் எண் எதுவாயினும் நாட வேண்டும்.

விரலிற் சேறு, நகப்பூச்சு, கரிய மருதோன்றிச் சாயம் ஆகியன இருந்தாலும் அளவு பிழைக்கும். கல்யாண வீட்டிலிருந்து வந்த பெண்ணின் கையிற் சாயமில்லாத ஒரு விரலைத் தேடி எடுங்கள். குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பின்னரும், நேர்வெயிலுக்கு மறைவிலும், கையை அசையாது வைத்தும் அளக்க வேண்டும். முதல் எண்ணை நம்பாது அரை நிமிடமாவது பொறுங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் சருக்கரை

கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மின்னுவதைப் பலர் கண்டிருப்பர். பச்சை ஒளியை இரத்தம் நன்கு விழுங்குவதால், நாடி துடிக்குந்தோறும் திரும்பிவரும் ஒளி குறையும்; அதனை எண்ணியே இதயத் துடிப்பு கணிக்கப்படுகின்றது. இத்தொழிலை அது ஓரளவு செவ்வனே செய்யும். மண்வெட்டி பிடிக்குங்கால் கை அதிர்வதால் பிழைக்கும்.

ஆனால் அதே கடிகாரம் இரத்தச் சருக்கரையையும் ஊசியின்றி அளக்கும் என்று விற்போர் சிலர் உரைக்கின்றனர். அதை நம்புதல் ஆகாது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியில், தோலைத் துளையாது சருக்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்தற்க என மக்களை எச்சரித்தது. அத்தகைய எதற்கும் அது அனுமதி வழங்கியிருக்கவில்லை. ஒளியால் சருக்கரையை அளக்கும் மெய்யான கருவி ஒன்று உண்டு. அது மேற்கையின் தோலுக்கடியில் மருத்துவர் புதைக்கும் சிறு குச்சி. சருக்கரையைச் சந்திக்கும்போது ஒளிரும் பொருளொன்று அதன்மேற் பூசப்பட்டுள்ளது. தோலின்மேல் ஒட்டிய பெட்டி அவ்வொளிர்வைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை வாசிக்கின்றது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது 90 நாட்களுக்கே உழைத்தது. 2024இல் ஓர் ஆண்டு உழைக்கும் வகை அனுமதி பெற்றது. அதன் விலை எம்மவர்க்கு எட்டாதது. சருக்கரை நோயுள்ள கமக்காரர் சேற்றில் வெறுங்காலுடன் இறங்கிப் பட்ட காயத்தை உணராதிருப்பர். அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதிலும் மாலையில் உள்ளங்காலைப் பார்ப்பதே பயன் தரும்.

வெயிலும் நாடியும்

சிறுபோகத்திற் கச்சான் காற்று வீசும் நாட்களில், நண்பகல் வேலை இதயத்தை எவ்வளவு வருத்துகின்றது என்பதை நாடி காட்டும். தொழிற் சுகாதார அறிஞர் வகுத்த எல்லை எளிது. 180 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழியுங்கள். ஐம்பது வயதினர்க்கு 130. அறுபது வயதினர்க்கு 120. வேலையின்போது நிமிடத்துக்குரிய துடிப்பு சில நிமிடங்களாகத் தொடர்ந்து இவ்வெண்ணைக் கடந்து நின்றால், உடல் வெப்பத்தைத் தாங்கவில்லை என்பது பொருள். கடும் வேலையை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் 120 இலும் கூடுதலாக இருப்பின் அதுவும் எச்சரிக்கையே. நிழலுக்கு வந்து, நீர் அருந்தி, துடிப்பு அடங்கிய பின்னரே மீள வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ அறிவு மயங்கினாலோ ஓய்வு போதாது. உடலை நீரால் நனைத்து விசிறியவாறு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. இதயத்துக்கு மருந்து உண்போர் சிலரிடம் அம்மருந்தே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். அவர்கள் இக்கணக்கை நம்பாது களைப்பையே அளவாகக் கொள்ள வேண்டும்.

கடிகாரம் இல்லாதவர் பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் உட்புறத்தில், சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்துத் துடிப்பைத் தேடுக. 15 வினாடிக்கு எண்ணி நான்காற் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். 15 வினாடியில் 32 துடிப்பு என்றால் 128. வரம்பில் இருவர் சேர்ந்திருந்தால் ஒருவர் நேரம் பார்க்க மற்றவர் எண்ணலாம்.